விஎல்53எல்0எக்ஸ், விஎல்53எல்1எக்ஸ்: லேசர் தூர சென்சார் வாங்கலாமா?

அறைக்குள் வைக்கப் போகிறீர்கள், அளக்க வேண்டிய தூரம் ஒரு மீட்டருக்குள், எதிரே இருப்பது வெளிர் நிறப் பரப்பு. இந்த மூன்றும் பொருந்தினால் விஎல்53எல்0எக்ஸை கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சில நூறு ரூபாய்க்குள் இதைவிடச் சிறிய, வேகமான தூர சென்சார் கிடைப்பது கஷ்டம். மொட்டைமாடி வெயிலில் வைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்க்க வேண்டும், ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்புப் பெட்டியைப் பிடிக்க வேண்டும் என்றால் வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘2 மீட்டர்’ என்பதை நம்பி வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் இதைத் திட்டுகிறார்கள். அந்த 2 மீட்டர் பொய்யில்லை. ஆனால் எந்த நிலையில் 2 மீட்டர் என்பது, தயாரிப்பாளர் தரும் விவரத் தாளான டேட்டாஷீட்டின் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

இரண்டுமே எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் (சுருக்கமாக எஸ்டி) தயாரிப்பு. எல்0 வந்தது 2016-ல், எல்1 வந்தது 2018-ல். இனி இந்தச் சுருக்கப் பெயர்களிலேயே போகலாம். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் எல்0 பெரும்பாலும் ஜிஒய்-530 என்ற பெயரில், ஊதா நிற போர்டில் கிடைக்கிறது. எல்1 டிஓஎஃப்400சி என்ற பெயரிலும் வரும், விலை சில மடங்கு கூடுதல். பொலோலு, அடாஃப்ரூட் என்ற நிறுவனங்களின் போர்டுகளில் இருப்பதும் இதே சிப்தான். அங்கே கொடுக்கும் கூடுதல் காசு, போர்டின் தரத்துக்கும் ஒழுங்கான ஆவணங்களுக்கும்.

எல்0 சிப்பின் அளவு 4.4 × 2.4 × 1 மி.மீ. அரிசிமணி அளவுள்ள அந்தப் பொட்டலத்துக்குள் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் குட்டி லேசர், ஒற்றை ஃபோட்டானையும் பிடிக்கும் டயோடு வரிசை, கணக்குப் போடும் மைக்ரோகன்ட்ரோலர் மூன்றும் இருக்கின்றன. லேசர் விட்டுவிட்டு ஒளிரும். எதிரில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. சொல்ல எளிது. ஒளி 1 மீட்டர் போய்த் திரும்ப 6.67 நானோ நொடிதான் ஆகும். 1 மி.மீ. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் 6.67 பிக்கோ நொடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு துடிப்பில் இது நடக்காது. எண்ணற்ற துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் ஃபோட்டான்களைக் கூட்டி, அந்தக் குவியலின் நடு எங்கே என்று பார்ப்பதுதான் வேலை. ஆகவே சென்சார் கொடுக்கும் ‘743 மி.மீ.’ டேப் பிடித்து அளந்த எண் அல்ல, புள்ளியியல் மதிப்பீடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே புரியும்.

பல்கலைக்கழகத்திலிருந்து போர்டுக்கு

இந்த டயோடுக்கு ஸ்பேட் என்று பெயர், அதாவது ஒற்றை ஃபோட்டான் அவலாஞ்ச் டயோடு. பிரேக்டவுன் வோல்ட்டேஜுக்கும் மேலே எதிர்த்திசையில் வோல்ட்டேஜ் கொடுத்து, விளிம்பில் நிறுத்தி வைக்கப்பட்ட டயோடு இது. ஒரு ஃபோட்டான் விழுந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பினால் போதும். அது இன்னொன்றை மோதி, அது மற்றொன்றை மோதி, கணத்தில் மின்னோட்டம் பெருகித் தெளிவான ஒரு துடிப்பு வெளியே வரும். உடனே அதை அணைத்து மறுபடி தயார்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த அணைப்புச் சர்க்யூட்டில் பல பத்தாண்டுகள் உழைத்தது மிலான் பாலிடெக்னிக்கின் செர்ஜியோ கோவா குழு. தனி டயோடாக, ஆய்வகக் கருவியாக இருந்ததை, வழக்கமான சிப்கள் செய்யும் சிமாஸ் தயாரிப்பு முறையிலேயே செய்ய முடியும் என்று 2003 வாக்கில் காட்டியது ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் பல்கலைக்கழகம். அதன்பின் ஸ்பேடும் அதன் கணக்குச் சர்க்யூட்டும் ஒரே சிலிக்கானில் வர வழி பிறந்தது.

அதைக் கடையில் வாங்கும் பொருளாக மாற்றிய கதையில் எடின்பரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டென்யர் குழு செய்த சிமாஸ் கேமரா ஆராய்ச்சியிலிருந்து 1990-ல் விஎல்எஸ்ஐ விஷன் என்ற நிறுவனம் பிறந்தது. 1990-களின் இறுதியில் எஸ்டி அதை வாங்கிக்கொள்ள, எஸ்டியின் இமேஜிங் பிரிவு பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே அமைந்துவிட்டது. 2006-ல் தொடங்கிய மெகாஃப்ரேம் என்ற ஐரோப்பியத் திட்டத்தில் இபிஎஃப்எல், எடின்பரோ பல்கலைக்கழகம், எஸ்டி எல்லாம் சேர்ந்து 130 நானோமீட்டர் சிமாஸில் ஸ்பேட் வரிசைகளைச் செய்தன. முதலில் 32 × 32, பிறகு 160 × 128. அந்த 32 × 32 வரிசையை வைத்து, காற்றில் பறக்கும் ஒளித் துடிப்பையே 2015-ல் ஹெரியட்-வாட், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படம் பிடித்தார்கள். அதே குடும்பத்துத் தொழில்நுட்பம் போன் ஆட்டோஃபோகஸுக்கும், தானாகத் திறக்கும் குழாய்க்கும், உங்கள் ரோபோ காருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆராய்ச்சிக் காசு வீண் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

940 என்ற எண்ணும் சும்மா வைத்ததல்ல. காற்றிலுள்ள நீராவி அந்த அலைநீளத்தைச் சுற்றிச் சூரிய ஒளியை நன்றாக உறிஞ்சிவிடுகிறது. அதனால் தரைக்கு வரும் வெயிலில் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துதான் சென்சார் வேலை செய்கிறது. 850 நானோமீட்டர் எல்இடிகளில் தெரியும் மங்கலான சிவப்பும் இதில் தெரியாது. விலையாகக் கொடுப்பது உணர்திறன்: சிலிக்கான் 940-ல் கொஞ்சம் குருடு.

அட்டைப்பெட்டி எண்ணும் உண்மை எண்ணும்

எல்0 டேட்டாஷீட் இரண்டு இலக்குகளை வைத்துப் பேசுகிறது. 88 சதவீதம் பிரதிபலிக்கும் வெள்ளை, 17 சதவீதம் பிரதிபலிக்கும் சாம்பல். வெள்ளைக்குச் சாதாரண ஏ4 தாளை நினைத்துக்கொள்ளலாம், சாம்பலுக்குப் புகைப்படக்காரர்களின் கிரே கார்டை. அறைக்குள் வெள்ளைக்கு 2 மீட்டருக்கு மேல் எட்டும் என்பது ‘வழக்கமான’ மதிப்பு. உத்தரவாதமான குறைந்தபட்சம் 120 செ.மீ. சாம்பலுக்கு வழக்கமாக 80, குறைந்தபட்சம் 70 செ.மீ. வெளியில், அதுவும் மேகமூட்டமான நாளில், வெள்ளைக்கு 60 முதல் 80 செ.மீ., சாம்பலுக்கு 40 முதல் 50 செ.மீ. மேகமூட்டத்திலேயே இவ்வளவுதான் என்றால், சித்திரை வெயிலில் சிமென்ட் தரையைப் பார்க்க வைத்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ட்ரோன் தரையிறங்கும் உயரத்தைப் பார்க்க இதை மட்டும் நம்பக் கூடாது.

துல்லியத்திலும் இதே கதைதான். எண் மில்லிமீட்டரில் வருவதால் துல்லியமும் மில்லிமீட்டரில் இருக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 33 மில்லி நொடி அளவீட்டில், அறைக்குள் வெள்ளைக்கு 120 செ.மீ. தூரத்தில் 4 சதவீதம், சாம்பலுக்கு 70 செ.மீ. தூரத்தில் 7 சதவீதம். பின்னது ஏறக்குறைய 5 செ.மீ. வெளியில் சாம்பலுக்கு 40 செ.மீ. தூரத்தில் 12 சதவீதம். எண் இப்படி ஆடுவதைக் குறைக்க ஒரே வழி அதிக நேரம் கொடுப்பது. ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் இரைச்சல் குறையும். 33-ஐ 200 மில்லி நொடியாக்கினால் ஆறு மடங்கு நேரம், ஆனால் ஆட்டம் சுமார் இரண்டரை மடங்குதான் குறையும். நொடிக்கு 30 அளவீடு 5 ஆகிவிடும். சுவருக்கும் மேசைக்கும் இது பரவாயில்லை. ஓடும் ரோபோவுக்கு ஆகாது.

நீண்ட தூர அமைப்பு என்று ஒன்று, சென்சாரை இயக்கும் தயார் கோட் தொகுப்பான லைப்ரரியின் எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கும். லேசர் துடிப்புக் காலத்தைக் கூட்டி, ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்சச் சிக்னல் அளவை 0.25-லிருந்து 0.1 ஆக இறக்குவதுதான் அதன் சூட்சுமம். இருட்டறையில் நன்றாக எட்டும். ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில், வரம்பை இறக்கியதால் குப்பை எண்களும் உள்ளே வந்துவிடும். ‘தூரம் போதவில்லை’ என்றதும் இதை இயக்கிவிட்டு, பிறகு ‘எண் தாறுமாறாக வருகிறது’ என்று புலம்புவது வாடிக்கை.

போர்டு, ஒயர், முதல் அரை மணி

புதிய போர்டில் சிப்பின் மேல் மெல்லிய பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கலாம். சில சமயம் மஞ்சளாக இருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. உரிக்காமல் ஓட்டினால் சென்சார் எப்போதும் சில சென்டிமீட்டரையே காட்டும், அல்லது தூரத்தைக் குறைத்துக் காட்டும். ‘டிஃபெக்டிவ் பீஸ்’ என்று திருப்பி அனுப்புவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நுனி மெல்லிய இடுக்கியால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். துளைகளின் மேல் சுரண்ட வேண்டாம்.

சிப்புக்குத் தேவை 2.6 முதல் 3.5 வோல்ட். போர்டில் ரெகுலேட்டரும், சிக்னல் வோல்ட்டேஜைப் பொருத்தமாக மாற்றும் லெவல் ஷிஃப்ட்டரும் இருப்பதால், ஊனோ போன்ற 5 வோல்ட் ஆர்டுயினோ போர்டிலும் மாட்டலாம். ஆனால் எக்ஸ்ஷட் என்ற அணைப்புக் காலை இங்கே கவனிக்க வேண்டும். பொலோலு போர்டில் அதற்கு லெவல் ஷிஃப்ட்டர் கிடையாது, மற்ற போர்டுகளிலும் இருக்காது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. ஊனோவிலிருந்து 5 வோல்ட் ‘ஹை’ கொடுத்தால் அது நேரே சிப்புக்குள் போகும். அணைக்க ‘லோ’ கொடுங்கள். இயக்க ‘ஹை’ கொடுக்காமல் பின்னை இன்புட்டாக மாற்றுங்கள், போர்டில் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மேலே இழுத்துக்கொள்ளும். ஈஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் போர்டிலும் இதே பழக்கம் நல்லது, ஏனென்றால் சிப் ஓடுவது போர்டின் 2.8 வோல்ட்டில்.

அளக்கும்போது சராசரி மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியருக்குள்தான், உச்சம் மட்டும் 40 வரை எகிறும். மெல்லிய நீள ஒயரில் அந்த எகிறல் வோல்ட்டேஜை இறக்கி, சென்சாரைத் திடீரென்று மௌனமாக்கும். அரை மீட்டருக்கு மேல் ஒயர் இழுத்தால், சென்சாரும் போர்டும் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர் இணைப்பான ஐ2சியின் வேகத்தை 400-லிருந்து 100 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்து, போர்டுக்குப் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள்.

ஐ2சி ஸ்கேன் செய்தால் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 29 என்ற முகவரி தெரிய வேண்டும். தெரிந்தும் லைப்ரரி ‘சென்சார் இல்லை’ என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லைப்ரரியை. எல்0-வுக்கும் எல்1-க்கும் முகவரி ஒன்றே, ஆனால் எல்0 ரெஜிஸ்டர் (சிப்பின் உள் நினைவு இடம்) எண்ணை 8 பிட்டிலும் எல்1 16 பிட்டிலும் கேட்கும். ஒன்றின் லைப்ரரி மற்றதற்கு ஓடாது. போர்டில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாத நிலையில் இப்படிச் சோதியுங்கள்: ஹெக்ஸ் சி0 ரெஜிஸ்டரைப் படித்தால் ஈஈ வந்தால் எல்0. 16 பிட் எண்ணாக 010எஃப் படித்தால் ஈஏ, அடுத்ததில் சிசி வந்தால் எல்1. இன்னொரு சிக்கல், டிசிஎஸ்34725 நிற சென்சாருக்கும் டிஎஸ்எல்2591 ஒளி சென்சாருக்கும் முகவரி 29-தான். ஒரே ஐ2சி ஒயர் ஜோடியில் போட்டால் இரண்டும் உளறும்.

லேசர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அளவீடு ஓடும்போது போனின் முன்பக்கக் கேமராவில் சிப்பைப் பாருங்கள். ஒரு துளையில் மங்கலான ஊதாப் புள்ளி தெரியும். பின்பக்கக் கேமராக்களில் அகச்சிவப்பு ஃபில்டர் பலமாக இருப்பதால் தெரியாமல் போகலாம். வெறும் கண்ணுக்கு இது முதல் வகுப்பு லேசர், பயமில்லை. ஆனால் கூடுதல் தூரம் வேண்டும் என்று முன்னால் லென்ஸ் வைத்து ஒளியைக் குவிக்காதீர்கள். குவித்தால் அந்த முதல் வகுப்புப் பாதுகாப்பு செல்லாது.

ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் வேண்டுமானால், எல்லாருடைய எக்ஸ்ஷட்டையும் ‘லோ’வில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விடுவித்து, 2 மில்லி நொடி பொறுத்து, புது முகவரி கொடுக்க வேண்டும். முதலாவதற்கு 30, அடுத்ததற்கு 31 என்று போகலாம். 29-ஐ யாருக்கும் வைக்காதீர்கள், அடுத்து விழிப்பவர் அதில்தான் எழுவார். இந்த முகவரி நிரந்தரமல்ல. மின்சாரம் போனாலோ எக்ஸ்ஷட் லோ ஆனாலோ மறுபடி 29. இதில் ஒரு பிரபலமான பொறி உண்டு. ஆர்டுயினோவின் ரீசெட்டை மட்டும் அழுத்தினால் சென்சாருக்கு மின்சாரம் போவதில்லை, அது பழைய 30-லேயே இருக்கும். கோட் 29-ல் தேடும், கிடைக்காது. யுஎஸ்பியைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும். ‘சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஓடவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். ஒரே ஒரு சென்சார் இருந்தாலும் எக்ஸ்ஷட்டை ஒரு பின்னில் கட்டி, கோட் தொடங்கியதும் லோ கொடுத்து எழுப்புங்கள்.

புல்-அப் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு போர்டிலும் 10 கிலோ ஓம் இருந்தால் எட்டு போர்டு சேர்ந்து 1.25 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் 2.6 மில்லி ஆம்பியர், தாங்கும். 4.7 கிலோ ஓம் போட்ட போர்டுகள் எட்டென்றால் 590 ஓம் அளவுக்கு இறங்கி 5.6 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். வழக்கமான ஐ2சி வரம்பு 3. சில போர்டுகளின் புல்-அப்பைக் கழற்றியாக வேண்டும்.

கண்ணாடி மூடி என்ற பெரிய தலைவலி

மேசையில் நன்றாக ஓடிய சென்சார் பெட்டிக்குள் போனதும் கெட்டுப்போகும். காரணம் மூடி. லேசர் ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டு நேரே பக்கத்துத் துளைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த ஃபோட்டான்களுக்குத் தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். உண்மையான எதிரொலியோடு அவை கலந்து சராசரியைக் கீழே இழுக்கும். இலக்கு அருகில் இருக்கும்வரை உண்மைச் சிக்னல் பலமாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. தூரம் போகப் போகப் பிழை கூடும், ஒரு கட்டத்தில் எண் ஏறவே ஏறாது. கறுப்பு இலக்குக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். மூடி இல்லாமல் வெள்ளைத் தாளை 60 செ.மீ. தூரத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளையும் சென்சாரையும் அசைக்காமல் மூடியை வையுங்கள். எண் குறைந்தால் மூடிதான் குற்றவாளி. அடுத்து எதிரே ஒன்றுமில்லாத திசையில் திருப்புங்கள். 8190 அல்லது 8191 வர வேண்டும், எல்0-வில் ‘எதுவும் இல்லை’ என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பதில் நிலையான சின்ன எண் வந்தால் சென்சார் மூடியையே அளந்துகொண்டிருக்கிறது.

தீர்வை மென்பொருளில் தேடாமல் முதலில் பெட்டியில் தேட வேண்டும். சிப்புக்கும் மூடிக்கும் இடைவெளி அரை மி.மீ. என்ற அளவில் இருக்கட்டும், 1 மி.மீ. தாண்ட வேண்டாம். மூடி மெல்லியதாக இருக்கட்டும். லேசர் துளைக்கும் வாங்கும் துளைக்கும் நடுவே ஒளி புகாத கறுப்பு ஃபோம் பட்டை ஒன்று சிப்பையும் மூடியையும் தொட்டபடி நிற்க வேண்டும். ஆனால் எதிர்ப்படும் கறுப்பு எல்லாம் 940-லும் கறுப்பு என்று எண்ண வேண்டாம். கறுப்புச் சாயம் போட்ட பல துணிகளும் பிளாஸ்டிக்குகளும் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். கார்பன் கலந்த ரப்பர் ஃபோம் நம்பகமானது. மூடியில் பட்டு இப்படி நேரே திரும்பும் ஒளிக்கு கிராஸ்டாக் என்று பெயர். இதெல்லாம் செய்தபின் மிஞ்சுவதைத்தான் கிராஸ்டாக் கேலிப்ரேஷன் திருத்தும். எஸ்டி சொல்லும் வரிசையும் முக்கியம்: முதலில் ஸ்பேட் தேர்வு, பிறகு வெப்பநிலை, பிறகு 10 செ.மீ. தூரத்தில் வெள்ளை வைத்து ஆஃப்செட் (நிலையான பிழை), கடைசியில் சாம்பல் வைத்து கிராஸ்டாக். மூடி மாட்டிய பிறகுதான் இவை எல்லாம். வெப்பநிலைத் திருத்தத்தை, சூழல் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் மாறினால் மறுபடி ஓட்ட வேண்டும். காலையில் குளிர்ந்தும் மதியம் கொதித்தும் கிடக்கும் தகரக் கொட்டகையில் இதை மறந்தால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

விரல் ரேகை, தூசி, நீர்ப்பனி எல்லாமே புதிய கிராஸ்டாக்தான். தொழிற்சாலையில் ஒருமுறை திருத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தூசி படியும் இடமென்றால் சென்சாரைக் கீழ்நோக்கிப் பார்க்க வைப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

சுவர், மரம், அட்டைப்பெட்டி, கை, வெளிர் நிறத் துணி: அருமை. எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி, டைல்ஸின் பளபளப்பு: நேர் எதிரே இருந்தால் அதிகமாகவும், கொஞ்சம் சாய்ந்தால் ஒன்றுமே இல்லாமலும் ஒளி திரும்பும். ரேடியம் ஸ்டிக்கர் வேறு வகை வம்பு. தூரத்தில் இருந்தாலும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைத் தாண்டி வரும் எதிரொலி அடுத்த துடிப்பின் எதிரொலி போலத் தெரிந்து, அருகில் ஏதோ இருப்பதாகக் காட்டிவிடும். ட்யூப் லைட், எல்இடி பல்பு எதுவும் செய்யாது. குண்டு பல்பு, ஹாலஜன், வெயில் மூன்றும் 940-ல் கொட்டும்.

தண்ணீர்த் தொட்டிக்கு இதை வைக்கலாமா என்பது நம்மூரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. வேண்டாம். தண்ணீர்ப் பரப்பு நேரே விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பும், அதுவும் கண்ணாடி போல ஒரே திசையில். மீதி உள்ளே போய்விடும். வெயிலிலிருந்து சென்சாரைக் காப்பாற்றும் அதே நீரின் உறிஞ்சல் இங்கே எதிராக வேலை செய்து, உள்ளே போன ஒளியைச் சில சென்டிமீட்டருக்குள் தின்றுவிடும். மோட்டார் ஓடி அலையடித்தால் அந்த 2 சதவீதமும் வேறு பக்கம் போகும். சென்சாருக்குக் கிடைப்பது தொட்டிச் சுவரின் எதிரொலிதான். குழாய்க்குள் வெள்ளைத் தெர்மாகோல் மிதவை விட்டு அளக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். எல்0-வின் பார்வைக் கோணம் 25 டிகிரி. 4 அங்குலக் குழாயில் சுமார் 22 செ.மீ. தாண்டியதுமே பார்வை பக்கச் சுவரைத் தொட்டுவிடும். 1 மீட்டர் தூரத்தில் பார்வை வட்டத்தின் விட்டம் 44 செ.மீ. தொட்டிக்கு நீர்புகா அல்ட்ராசோனிக்கான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி போதும். 20 செ.மீ. அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்குள் இருப்பதை அது பார்க்காது என்பதால் நீர் நிரம்பும் மட்டத்தைவிட அவ்வளவு உயரத்தில் வையுங்கள்.

எல்1-க்குக் கூடுதல் காசு தகுமா?

தூரத்துக்காக என்றால், பாதி. 88 சதவீத வெள்ளைக்கு இருட்டில் குறுகிய, நடு, நீண்ட தூர அமைப்புகள் முறையே 136, 290, 360 செ.மீ. எட்டும். பலமான வெளிச்சத்தில் அதே வரிசையில் 135, 76, 73. அதாவது வெளிச்சத்தில் நீண்ட அமைப்புதான் மோசம், குறுகியதுதான் ஜெயிக்கிறது. ‘வெளியில் வைக்கிறோம், ஆகவே லாங் மோட்’ என்ற எண்ணத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். 4 மீட்டர் வேண்டுமென்றால் இருட்டோடு 140 மில்லி நொடி நேரமும் கொடுக்க வேண்டும்.

எல்1-ன் உண்மையான மதிப்பு வேறு இரண்டில். ஒன்று, 16 × 16 ஸ்பேட் வரிசையில் எந்தப் பகுதி பார்க்க வேண்டும் என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். 4 × 4 வரை குறுக்கினால் 27 டிகிரிக் கோணம் 15 ஆகும், 1 மீட்டரில் 26 செ.மீ. வட்டம். சிக்னலும் அதே அளவுக்குக் குறையும் என்பதால் எட்டும் தூரம் சுருங்கும். வரிசையை 8 × 16 என இரண்டாகப் பிரித்து மாறிமாறி அளந்தால், வாசலில் யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எண்ணலாம். எஸ்டியின் எடுத்துக்காட்டில் இரண்டு பகுதிகளின் மைய எண்கள் 167, 231. லென்ஸ் படத்தைத் திருப்பிப் போடும், திசை தலைகீழாக வந்தால் பதற வேண்டாம். அமைப்பைத் தேரும்போது உயரக் கணக்குப் போடுங்கள். 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டினால் 1.65 மீட்டர் ஆள் 75 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறார், குறுகிய அமைப்பு போதும், 20 மில்லி நொடியில் ஓடும். ஆனால் 1 மீட்டர் உயரக் குழந்தை 1.4 மீட்டர் தள்ளி, குறுகிய அமைப்பின் எல்லையைத் தாண்டிவிடும். பள்ளி வாசலில் நடு அமைப்பும் 33 மில்லி நொடியும் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு அளவீட்டோடும் வரும் நிலை எண்ணை எல்1 லைப்ரரிகள் வெளிப்படையாகத் தருகின்றன. 0 என்றால் நம்பலாம். 1 என்றால் எண் ரொம்ப ஆடுகிறது, 2 என்றால் சிக்னல் போதவில்லை, 7 என்றால் தூரத்து எதிரொலி சுற்றிவந்திருக்கிறது. எல்0-வுக்கும் இப்படி ஒன்று உண்டு. அடாஃப்ரூட் லைப்ரரி அதைத் தருகிறது, ஊனோவில் இடத்தை நிறையத் தின்னும். பொலோலுவின் மெல்லிய லைப்ரரி தூரத்தை மட்டும் திருப்பித் தரும், நேரம் தீர்ந்தால் 65535. அதிலும் காத்திருப்பு வரம்பு இயல்பாக அணைந்திருக்கும். 500 மில்லி நொடி என்று நாமே வைக்காவிட்டால், ஒயர் கழன்றதும் கோட் அங்கேயே உறைந்து நிற்கும். நிலையைப் பார்க்காமல் பத்து எண்களின் சராசரி எடுப்பது பலருக்கும் பழக்கம். நடுவே ஒரு 8190 நுழைந்தாலும் 50 செ.மீ. சராசரி 1 மீட்டரைத் தாண்டிவிடும். முதலில் கழித்துக்கட்டுங்கள், பிறகு மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள், சராசரி கடைசி.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்: 10 செ.மீ.க்குள் அளக்க விஎல்6180எக்ஸ் மேல், எல்0 3 செ.மீ.க்குக் கீழே தடுமாறும். வெயிலும் சில மீட்டரும் வேண்டுமென்றால் பெனிவேக் டிஎஃப்-லூனா, 2 டிகிரி ஒல்லியான பார்வை, 8 மீட்டர் வரை, ஆனால் 20 செ.மீ.க்குக் கீழே பார்க்காது. கண்ணாடிக் கதவைப் பார்க்கும் திறமை இன்னும் பழைய ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாருக்குத்தான். ரோபோவில் எல்0-வோடு அதையும் சேர்த்து மாட்டுவது அறிவுள்ள வேலை.

ஒரே எண் போதாது, எதிரே இருப்பதன் வடிவமும் வேண்டும் என்பவர்களுக்கு 2021-ல் வந்த விஎல்53எல்5சிஎக்ஸ் இருக்கிறது. 8 × 8 கட்டங்களாக நொடிக்கு 15 முறை, 4 × 4 என்றால் 60 முறை. வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் வந்த ஒவ்வொரு முறையும் சுமார் 84 கேபி ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) நாம்தான் ஐ2சி வழியே அதற்குள் ஏற்ற வேண்டும். 400 கிலோஹெர்ட்ஸில் அதற்கே ஏறக்குறைய 2 நொடி போகும். ஊனோவின் மொத்த ஃபிளாஷே 32 கேபி. ஈஎஸ்பி32, ராஸ்ப்பெரி பை பிக்கோ போன்றவை கையில் இருந்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள்.